கனமான பக்கத்தை முதலில் தேடுங்கள்: 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு நாவல் தேர்ந்தெடுப்பது எப்படி?

நூலக அலமாரியின் சாவி என் கைக்கு வந்த வருடம், 11ஆம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து நின்றான். "மிஸ், சின்னப் பசங்க கதை வேணாம். பெரியவங்க படிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க." அலமாரியைத் திறந்தால் மேல்தட்டில் முயலும் சிங்கமும். அடுத்த தட்டில் மு.வ., கல்கி, போட்டித் தேர்வுக் கையேடுகள். அவன் கேட்டது இரண்டு தட்டிலும் இல்லை.

ஆங்கிலத்தில் 'யங் அடல்ட்' என்று இந்த வயதுக்குத் தனி அலமாரியே உண்டு. தமிழில் சிறார் கதையிலிருந்து ஒரே தாவலில் பெரியவர்களின் நாவலுக்குப் போய்விடுகிறோம். பதினான்கு முதல் பதினேழு வயதுக்கான தட்டை நாமேதான் அடுக்க வேண்டும். பிள்ளைகள் காதல், சாதி, சாவு, குடி, உடம்பு என எல்லாவற்றையும் போனில் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதே விஷயங்கள் புத்தகத்தில் வந்தால் மட்டும் நமக்குக் கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தோடு எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை, நூலகப் பொறுப்பைப் புதிதாக ஏற்ற ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கும் பெற்றோருக்கும் எழுதுகிறேன்.

படி 1: புத்தகத்துக்கு முன்னால் பிள்ளையைப் பாருங்கள்

வயது ஒரு கணக்குத்தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருத்தி நானூறு பக்கத்தை ஒரு வாரத்தில் முடிப்பாள். இன்னொருத்திக்கு நாற்பது பக்கமே மலை. நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடைசியா எந்தக் கதைய பாதியில விட்ட? ஏன் விட்ட?" பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் நமக்குப் பிடிக்கும் பதிலைச் சொல்வார்கள். பாதியில் விட்டதைக் கேட்டால் உண்மை வரும்.

அப்புறம் வீடு. இதில் நான் சறுக்கியிருக்கிறேன். இமையத்தின் 'செல்லாத பணம்' 2020க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். விருதுச் செய்தியைப் பார்த்ததும் வாங்கி, பாதி படித்த நிலையிலேயே 12ஆம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கொடுத்துவிட்டேன். உடலில் தீப்பற்றிய ஒரு பெண்ணை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, தீக்காயப் பிரிவுக்கு வெளியே குடும்பம் காத்திருப்பதுதான் நாவலின் பெரும்பகுதி. நான்காம் நாள் புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தான். "எங்க சித்தி இப்படித்தான் மிஸ்" என்றான். மேலே ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாவலில் ஒரு குறையும் இல்லை, என் அவசரத்தில்தான் இருந்தது. அவன் வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

படி 2: முழுதாகப் படியுங்கள், கனமான பக்கத்தைக் குறியுங்கள்

பின்னட்டை, விருது, முகநூல் பாராட்டு எதையும் நம்பிக் கொடுக்காதீர்கள். கடைசிப் பக்கம் வரை படியுங்கள். படிக்கும்போதே, 'இதை ஒரு பிள்ளை படித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்' என்று வயிற்றைப் பிசையும் பக்கம் எது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு நாவலில் அப்படி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாவல் முடிந்த பிறகு அதை மட்டும் மறுபடி படியுங்கள்.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' ஓர் உதாரணம். 1947, 48இல் நிஜாமின் ஆட்சியில் இருந்த செகந்திராபாத். சந்திரசேகரன் என்ற இளைஞன் கிரிக்கெட் ஆடுகிறான், மாட்டைத் தேடி அலைகிறான், கல்லூரிக்குப் போகிறான். ஊர் இந்து, முஸ்லிம் என்று மெல்ல மெல்லப் பிளக்கிறது. படிப்பவருக்கு அது கடைசி வரை அவ்வளவாக உறைக்காது. முடிவில், கலவரத்துக்கு நடுவே அவன் ஒரு வீட்டுக்குள் போய்விட, தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக அந்த வீட்டுப் பெண் தன்னையே விலையாகத் தர முன்வருகிறாள். அவன் அலறியடித்து வெளியே ஓடுகிறான். அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்துப் பார்ப்பவர் புத்தகத்தையே அலமாரியிலிருந்து எடுத்துவிடுவார். முழுதும் படித்தவருக்கு, ஒரு பையன் தன் தரப்பு மனிதர்கள் செய்ததற்காகக் கூசிக் குறுகும் இடம் அது என்று தெரியும். மதக் கலவரம் பற்றிப் பத்து நாள் பாடம் எடுத்தாலும் அந்த ஒரு பக்கம் செய்கிற வேலையைச் செய்ய முடியாது. 12ஆம் வகுப்புக்குத் தயங்காமல் கொடுக்கிறேன்.

கனமான பக்கத்தை எப்படி எடைபோடுவது? காட்சி யார் கண்ணில் நடக்கிறது என்று முதலில் பார்ப்பேன். வன்முறைக்கு ஆளாகிறவரின் பக்கத்தில் நாம் நிற்கிறோமா, இல்லை ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறோமா? வேடிக்கை பார்க்க வைக்கும் எழுத்து எவ்வளவு பெரிய பெயருடையதாக இருந்தாலும் இந்த வயதுக்கு வேண்டாம். எனக்கே வேண்டாம் என்பது வேறு விஷயம்.

அடுத்தது, அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது. பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனை வெட்டுவதில்தான் நாவலே தொடங்குகிறது. கையை மட்டும் எடுக்க நினைத்தவன் ஆளையே கொன்றுவிடுகிறான். அட்டைக்குள் நுழைந்ததுமே ரத்தம். ஆனால் மீதி நாவல் முழுக்க அந்த ஒரு வெட்டுக்கான விலை. அப்பனும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள், கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், வீட்டை நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கதையை வைத்து எடுத்த 'அசுரன்' படம் 2019இல் வந்ததால் பையன்களிடம் புத்தகத்தை நீட்டுவது சுலபம். படத்தில் சண்டைக்குக் கைதட்டியவர்கள் புத்தகத்தில் சட்டி பானைக்கு நடுவே அடங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டியது தற்கொலை. இதில் மட்டும் நான் கறார். எப்படிச் செய்தார் என்று விலாவாரியாக எழுதிய புத்தகம் வேண்டாம். செத்துக் காட்டினால்தான் எல்லோருக்கும் புத்தி வரும் என்பதுபோல, சாவைப் பழிவாங்கலாகக் காட்டும் புத்தகமும் வேண்டாம். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் 'தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்' கேட்டு வருவார்கள். இறந்துபோன ஒரு மாணவி, தன் முடிவுக்கு யார் யார் காரணம் என்று ஒலிநாடாவில் பேசி வைத்துவிட்டுப் போகும் கதை. நெட்ஃப்ளிக்ஸ் 2017இல் அதைத் தொடராக்கியது. அந்தச் சாவுக் காட்சிக்கு எழுந்த எதிர்ப்பால் 2019இல் காட்சியையே நீக்கியது. நான் அந்த நாவலைக் கொடுப்பதில்லை. பதிலுக்கு லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்', 1999இல் வந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி ஒருத்தி பேச்சையே கிட்டத்தட்ட நிறுத்திவிடுகிறாள். ஓவிய வகுப்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை மீட்கிறாள். கனம் இதிலும் குறைவில்லை. ஆனால் அவள் உயிரோடு இருக்கிறாள், கடைசியில் பேசுகிறாள்.

பக்க எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இமையத்தின் 'பெத்தவன்' ஒரு நெடுங்கதைதான். பேருந்துப் பயணத்திலேயே முடித்துவிடலாம். சாதி மாறிக் காதலித்த மகளைக் கொல்லச் சொல்லி ஊர் நெருக்கும்போது ஓர் அப்பன் என்ன செய்வான் என்பது கதை. முந்நூறு பக்க நாவல்களைவிடப் பாரமானது. முடிவைப் படித்துவிட்டுத்தான் யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்க வேண்டும்.

படி 3: கெட்ட வார்த்தைக்குப் பயப்படாதீர்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வசைச்சொல் இருக்கிறது என்பதற்காக ஒரு புத்தகத்தையும் நான் ஒதுக்கியதில்லை. நம் பிள்ளைகள் பேருந்து நிலையத்தில் கேட்காத வார்த்தை எதுவும் நாவலில் இல்லை. வகுப்பில் சத்தமாக வாசிக்கும்போது மட்டும் முன்கூட்டியே பகுதியைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு வார்த்தை வந்ததும் சிரிப்பு கிளம்பி நாற்பது நிமிடம் போய்விடும். வட்டாரப் பேச்சில் எழுதியதைப் படித்தால் தமிழ் கெட்டுவிடும் என்று சொல்லும் தமிழாசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் தமிழாசிரியைதான். கெடாது.

படி 4: சிறுகதை வழியாக உள்ளே அழையுங்கள்

நேராக நாவலைக் கையில் திணிக்க வேண்டியதில்லை. ஜெயகாந்தன் 1960களில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை எழுதினார். மழையில் காரில் ஏறிய கல்லூரி மாணவி சீரழிக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். அன்றைய வாசகர்கள் கொதித்தார்கள். அந்த அம்மா அப்படித் தேற்றாமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்று அவர் எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சிறுகதையை ஒரு பாடவேளையில் படிக்க வைத்து, அம்மா வேறு மாதிரி நடந்திருந்தால் என்று மட்டும் கேட்டுவிட்டு விடுங்கள். வகுப்பு முடிந்ததும் நாவலைத் தேடி நாலைந்து பேர் வருவார்கள். சம்மதம் என்றால் என்ன, பழி யார் மேல் விழுகிறது என்று பேச இதைவிட நல்ல ஜோடி எனக்குக் கிடைக்கவில்லை. கதையில் இருக்கும் 'சுத்தம்' என்ற சொல்லையே பெண் பிள்ளைகள் இப்போது கேள்வி கேட்கிறார்கள். "அழுக்கானாத்தான மிஸ் கழுவணும்?" என்றாள் ஒருத்தி.

படி 5: ஒரு சீட்டு எழுதுங்கள், தலைமையாசிரியரிடம் காட்டுங்கள்

ஒவ்வொரு புத்தகத்துக்கும் பாதி அட்டையில் நான் எழுதிவைப்பது இப்படி இருக்கும்: "வெக்கை, பூமணி. 11க்கு மேல். முதல் பக்கத்திலேயே கொலை. வீட்டில் வெட்டு, வழக்கு நடந்த பிள்ளையா என்று பார்க்க. எதற்கு: கோபத்துக்குப் பிறகு வரும் நாட்கள். வேண்டாமென்றால் மாற்று: கூளமாதாரி." அவ்வளவுதான். மாற்றுப் புத்தகம் என்ற வரி முக்கியம். ஒரு பிள்ளையோ பெற்றோரோ வேண்டாம் என்றால் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது.

இந்தச் சீட்டுகளை ஜூன் மாதமே தலைமையாசிரியரிடம் காட்டி ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு விளக்குவதும் வருவதற்கு முன் சொல்லிவைப்பதும் ஒன்றல்ல. ஒரு முறை மாணவி ஒருத்தியின் அப்பா நாவலின் ஒரு பக்கத்தில் விரலை வைத்தபடியே வராந்தாவில் நின்றார். "என்ன டீச்சர், புள்ளைங்களுக்கு இதெல்லாமா குடுப்பீங்க?" உட்கார வைத்து, அந்தப் பக்கத்துக்கு முன் நான்கு, பின் நான்கு பக்கங்களைப் படிக்கச் சொன்னேன். பொறுமையாகப் படித்தார். "புரியுது. ஆனா என் பொண்ணுக்கு வேணாம்" என்றார். சரி என்று வாங்கிக்கொண்டு மாற்றைக் கொடுத்தேன். தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. மற்ற நாற்பது பேருக்கும் சேர்த்து அவர் முடிவெடுக்க முடியாது. இதை அவரிடமும் சொன்னேன், ஒத்துக்கொண்டார். அவள் புத்தகத்தை ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

படி 6: கொடுக்கும் விதம்

நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்த தன்வரலாற்று நாவல். மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி தெருவில் ஒரு காட்சியைப் பார்க்கிறாள். அவளுடைய தலித் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் போய்ச் சொன்னால் அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலம் மேல்சாதிக்காரருக்கு, இவர் கை பட்டால் தீட்டு என்பார்கள், அதனால்தான் அப்படித் தூக்கினார் என்று விளக்குகிறான். சிறுமியின் சிரிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. 9ஆம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரு நொடியில் புரியும் பக்கம் அது.

இந்தப் புத்தகத்தைத் தேடிப் போய் ஒரு தலித் மாணவியின் கையில், "இது உன் கதைம்மா" என்று கொடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் வகுப்பு முழுக்க அவளைத் திரும்பிப் பார்க்கும். கலந்துரையாடலில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேள்வி கேட்பதும் அதேதான். நாங்குநேரியில் 2023இல் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. கயிறு அவிழ்ந்தாலும் யார் யார் என்ன என்று வகுப்புக்குத் தெரியும். அதனால் சாதி பேசும் நாவலை எப்போதும் மொத்த வகுப்புக்கும் பொதுவாக வைக்கிறேன். கேள்வியை, பொட்டலத்தைத் தூக்கிப் போனவரை வைத்துத் தொடங்குவதில்லை. அதை அப்படித் தூக்கவைத்தவர்களை வைத்துத் தொடங்குகிறேன். சங்கடம் வகுப்பில் சரியான பக்கத்துக்கு நகர்கிறது.

தனியாகக் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்வேன். இதில் இன்ன இடத்தில் இப்படி ஒரு காட்சி வரும். முடியவில்லையென்றால் மூடிவைத்துவிடலாம், ஏன் என்று கேட்க மாட்டேன். ராத்திரி தூங்கப் போகும் நேரத்தில் படிக்காதே. மூன்றாவதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டாவதைக் கேட்டதும் புத்தகத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார்கள்.

படி 7: படித்த பிறகு

'கதையின் நீதி என்ன' என்று கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த முறை வர மாட்டார்கள். வெக்கை படித்துவிட்டு வந்தவன், "சிதம்பரம் செஞ்சது சரியா மிஸ்?" என்று கேட்டான். எனக்கும் வாய் துறுதுறுத்தது. "நீ அவன் அப்பாவா இருந்தா அன்னிக்கு ராத்திரி அவன்கிட்ட என்ன பேசியிருப்ப?" என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "சாப்டியான்னு கேட்டிருப்பேன்" என்றான்.

சில சமயம் பேச்சு கதையை விட்டு வெளியே வரும். "எனக்கும் இப்படி ஆயிருக்கு மிஸ்" என்று ஒரு பிள்ளை சொல்லலாம். அதற்கு முதல் நாளே தயாராக இருங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உங்களால் காப்பாற்ற முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது தெரிந்தவரின் கடமை. தெரிவிக்காமல் இருப்பது குற்றம். பதற்றம் காட்டாமல் கேளுங்கள், துருவித் துருவி விசாரிக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, இதுல உனக்கு உதவி செய்ய இன்னும் ஒருத்தர்கிட்ட நான் பேசணும்" என்று நேராகச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மனம் சோர்ந்து பேசுகிற பிள்ளைக்கு டெலி மானஸ் 14416. இரண்டையும் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். புத்தகம் எடுக்கக் கதவைத் திறப்பவர் கண்ணில் படும். வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

முதல் வருடத்துக்கு எதை வாங்குவது?

என் தட்டு இப்படி இருக்கிறது, நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். 9ஆம் வகுப்பில் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. தவறான தொடுதல் பற்றிச் சிறுவர்களுக்காக எழுதியது, 2020க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. சின்னப் பிள்ளைகள் கதை என்று முகம் சுளிப்பார்கள்; தம்பி தங்கைக்குப் படித்துக் காட்டு என்று கொடுங்கள், தாங்களே படிப்பார்கள். கூடவே கருக்கு. 10ஆம் வகுப்பில் பொதுத்தேர்வு என்பதால் சிறுகதையோடு நிறுத்திக்கொள்கிறேன். 11இல் வெக்கையும், பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் பையன்களின் உலகத்தைச் சொல்லும் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யும். 12இல் 18வது அட்சக்கோடு, சாதி மாறி மணந்த ஒரு ஜோடி ஊருக்குள் வந்து படும் பாட்டைச் சொல்லும் பெருமாள்முருகனின் 'பூக்குழி', அப்புறம் லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 'நான், சரவணன் வித்யா'. நாவல் இல்லைதான். திருநங்கைகள் பற்றி வகுப்பில் ஓடும் கேலியை நிறுத்த அதைவிட நல்ல புத்தகம் என்னிடம் இல்லை. அறுவை சிகிச்சை பற்றிய பக்கங்களை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஷோபாசக்தியின் 'கொரில்லா', ஆதவனின் 'என் பெயர் ராமசேஷன்' இரண்டும் பொதுத்தேர்வு முடிந்து கல்லூரிக்குக் காத்திருக்கும் மாதங்களுக்கு. முன்னதில் ஈழப் போரின் வன்முறை இளகாமல் வருகிறது. பின்னதில் கல்லூரி இளைஞனின் ஆசைகளும் பாசாங்குகளும். இரண்டையுமே பதினெட்டை ஒட்டிப் படித்தால் ருசி கூடும் என்பது என் எண்ணம். முந்தியே கேட்டு வந்தவர்களும் உண்டு, இரண்டு பேருக்குக் கொடுத்துமிருக்கிறேன்.

பணம் குறைவென்றால் முதலில் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகி எடுத்துப் படித்துப் பாருங்கள்; படித்த பிறகு ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியிலோ உங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவிலோ கழிவு விலையில் வாங்கலாம். கருக்கு மட்டும் இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்று எப்படியும் திரும்பி வராது.